முப்பத்தாறு எழுத்தும் மூவாயிரம் வருடத் தூசும்

மிடில் எர்த்தில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. கதவில் எழுத்து. வாளில் எழுத்து. கல்லறையில் எழுத்து. கொடுங்கோலன் விரலில் போட்டுக்கொண்ட மோதிரத்தில்கூட உள்ளும் புறமும் எழுத்து. அடடா, என்ன நாகரிகம் என்று வாய் பிளக்கத் தோன்றும். பிளந்துகொள்ளுங்கள். ஆனால் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கல்யாணப் பந்தியில் மொய்க் கணக்கு கேட்டவனைப் பார்ப்பதுபோல் உங்களைப் பார்ப்பார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டோல்கீன் கட்டிய உலகம் அது. 1954-லும் 1955-லுமாக ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்று பாகங்களாக வந்தது. சினிமாவைப் பார்த்தவர்களுக்கு வாள்சண்டை நினைவிருக்கும். புத்தகத்தைக் கடைசிவரை புரட்டியவர்களுக்கு எழுத்து முறைகளுக்கென்றே மனிதர் ஒரு பின்னிணைப்பு போட்டிருப்பது நினைவிருக்கும். அதைப் படித்துவிட்டுக் கதைக்குள் திரும்பிப் போனால் வேறொரு கதை தெரியும். படிக்கத் தெரிந்தவன் படிக்கவில்லை. படிக்க வேண்டியவனுக்குச் சொல்லித் தரவில்லை. படித்த ஒருவன் பொய் சொன்னான். மீதியெல்லாம் ரத்தம்.

முதலில் எழுத்தின் அழகைப் பார்த்துவிடலாம். எல்ஃப் குலத்து ஃபியனோர் வகுத்த தெங்வாரில் முப்பத்தாறு எழுத்து. அவற்றில் முதன்மையான இருபத்து நான்கும் வாயில் ஒலி எங்கே பிறக்கிறது, எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துக் கட்டம் கட்டி அடுக்கியவை. உயிர்க்குறி பெரும்பாலும் மெய்யின் தலைமேல் உட்காரும். வல்லினம் மெல்லினம் சொல்லி வளர்ந்த நமக்கு அரை நாளில் பிடிபட்டுவிடும். இவ்வளவு ஒழுங்கான எழுத்தைக் கையில் வைத்திருந்தவர் ஊருக்கொரு பள்ளிக்கூடம் திறந்திருக்கலாம். ஃபியனோர் அடுத்து மூன்று மணிகளைச் செய்தார். அவை திருடு போயின. தன் குலத்தையே கிளப்பிக்கொண்டு போருக்குப் போனார். எழுத்தைக் கண்டுபிடித்தவன் வரலாறெல்லாம் நகை களவுபோன வழக்காக முடிவது அந்த உலகத்தின் சாபம் போலிருக்கிறது.

இன்னொரு கண்டுபிடிப்பாளர் டேரோன். டோரியாத் அரசவைப் பாணர். கல்லிலும் மரத்திலும் செதுக்க வாகான கீற்றெழுத்துகளை அவர் அமைத்தார். சொந்த நாட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாராட்டினார்கள். அதோடு சரி. ஆவணம் எழுதவோ வரலாறு பதியவோ அந்த எழுத்தை அவர்கள் பெரிதாகத் தொடவில்லை. எல்லாம் நினைவில் இருக்கிறது, எதற்கு எழுதிக்கொண்டு என்று இருந்துவிட்டார்கள். வியாபாரத்துக்கு வந்த குள்ளர்கள்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய் மலைக்கு அப்பால் பல இனங்களுக்கும் பரப்பினார்கள். பிறகு போர் வந்தது. டோரியாத் அழிந்தது. நினைவில் இருந்ததெல்லாம் நினைத்தவர்களோடு போயிற்று. நம் அரசவைப் புலவரைப்போல் உண்டா என்று மார்தட்டிய ஊரில், அந்தப் புலவரின் எழுத்தில் எழுதி வைத்த ஏடு சொற்பம்.

இவர்களாவது எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்துவிட்டு மறந்தவர்களின் தலைநகரம் ஒன்று இருக்கிறது. மினாஸ் திரித். கோண்டோர் நாட்டின் வெள்ளை நகரம். ஏழு அடுக்கு, ஏழு வாசல், வானைத் தொடும் கோபுரம். அந்த நகரத்துக் காப்பகத்தில் ஒரு சுருள் கிடந்தது. எழுதியவர் இசில்துர். கொடுங்கோலன் சௌரானின் விரலை வெட்டி, உலகையே அடிமைப்படுத்தும் அவன் மோதிரத்தை எடுத்தாரே, அவர்தான். எடுத்த கையோடு உட்கார்ந்து குறிப்பு எழுதினார். மோதிரம் கையைச் சுட்டது, ஆற ஆற எழுத்து மறைந்தது, மறைவதற்குள் பார்த்துப் பிரதி எடுத்திருக்கிறேன், மொழி எனக்குப் புரியவில்லை. நேர்மையான குறிப்பு. உலகத்தின் தலையெழுத்தே அந்த ஒரு சுருளில் இருந்தது. எழுதி வைத்தது மூன்றாம் யுகத்தின் தொடக்கத்தில். மந்திரவாதி கேண்டால்ஃப் போய்த் தூசு தட்டிப் படித்தது அந்த யுகத்தின் 3017-ஆம் ஆண்டில்.

மூவாயிரம் ஆண்டு. சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். மூவாயிரம் ஆண்டு அந்தக் காப்பகத்துக்குக் காவல் இருந்திருக்கும். பூட்டு இருந்திருக்கும். பொறுப்பாளர் இருந்திருப்பார். அவருக்குச் சம்பளம் போயிருக்கும். படிப்பதற்குத்தான் நாதியில்லை. அங்கே கிடக்கும் பல சுவடிகளின் எழுத்தும் மொழியும் அந்த ஊர்ப் பண்டிதர்களுக்கே புரியாமல் போய்விட்டன என்று கேண்டால்ஃப் சொல்கிறார். பாட்டன் எழுதியதைப் பேரனால் படிக்க முடியவில்லை. ஆனால் பாட்டன் பெருமை பேச மட்டும் பேரனுக்கு நாக்கு நீளம். ஊரெல்லாம் சிலை. சிலைக்குக் கீழே கல்வெட்டு.

அந்தக் காப்பகத்துக்குள் நுழையவும் டெனத்தோரின் தயவு வேண்டும். நாட்டை ஆளும் பிரதிநிதி அவர். அரசர் திரும்பி வரும்வரை தற்காலிகம். தற்காலிகப் பதவி பரம்பரை பரம்பரையாக ஓடிக்கொண்டிருந்தது, அது கிடக்கட்டும். கேண்டால்ஃபை அவர் முகம் சுளித்துத்தான் உள்ளே விட்டார். விடும்போதே ஒரு குத்தல். சாருமானே இங்கே வெகுகாலம் ஆராய்ந்துவிட்டுப் போனார், அவரைவிட நீங்கள் கெட்டிக்காரர் இல்லையென்றால் எனக்குத் தெரியாத எதையும் இங்கே காணப் போவதில்லை. எனக்குத் தெரியாத கோப்பு ஒன்று என் அலுவலகத்தில் இருக்க முடியாது என்று சொல்லும் அதிகாரியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோப்பு அவர் நாற்காலிக்குப் பின்னால்தான் இருக்கும்.

சாருமான் படித்திருந்தார், உண்மை. மூவாயிரம் ஆண்டில் அந்தச் சுருளைப் படித்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அவர்களில் அவர் ஒருவர். மூத்த மந்திரவாதி; சௌரானை எதிர்ப்பவர்கள் கூடிய வெள்ளைப் பேரவையின் தலைவர். மோதிர விவகாரத்தில் அவர் சொன்னால் மறுபேச்சில்லை. படித்துவிட்டு என்ன சொன்னார்? மோதிரம் ஆற்றோடு உருண்டு கடலுக்குப் போய்விட்டது, யாரும் கவலைப்பட வேண்டாம் என்று 2953-இல் பேரவையைக் கூட்டி அறிவித்தார். நிபுணர் சொன்னார், எல்லோரும் தலையாட்டிக் கலைந்து போனார்கள். ஆதாரத்தைக் காட்டு என்று எவரும் நெருக்கியதாகத் தெரியவில்லை. ஆதாரம் பொதுக் காப்பகத்தில்தான் இருந்தது. நிபுணர் அதற்குள் தனியாக மோதிரம் தேடத் தொடங்கிவிட்டார்.

கோண்டோரின் படிப்பு எந்த லட்சணத்தில் இருந்தது என்று இன்னும் சந்தேகம் இருந்தால், அந்த ஊர் மருத்துவமனைக்கு வாருங்கள். சௌரான் படையோடு நகர வாசலில் நடந்த போர் முடிந்த இரவு. மூன்று பேர் சாகக் கிடக்கிறார்கள். அரியணைக்கு உரிமையுள்ள அரகோர்ன் ஓடிவந்து அத்தேலாஸ் இலை இருக்கிறதா என்று கேட்கிறார். மூலிகைப் பண்டிதர் வருகிறார். வந்தவர் இலையைக் கொண்டுவரவில்லை. பெயர்களைக் கொண்டுவந்தார். நாட்டுப்புறத்தார் இப்படிச் சொல்வார்கள், மேன்மக்கள் மொழியில் அப்படி, இன்னும் பழைய மொழி அறிந்தவர்கள் வேறு மாதிரி. பெயர் எதுவாக இருந்தால் எனக்கென்ன, இலை இருக்கிறதா சொல் என்கிறார் அரகோர்ன். பண்டிதர் நெகிழ்ந்துபோகிறார். ஆகா, தாங்கள் வெறும் படைத்தலைவர் இல்லை, கற்றவர் போலிருக்கிறதே! பிறகு பதில் வருகிறது. இலை இல்லை. இங்கே கடுமையான நோயாளிகளுக்கு மட்டுமே வைத்தியம், அதனால் அதை வைத்துக்கொள்வதில்லை. எங்களுக்குத் தெரிந்து அதற்கு மருத்துவ குணமும் கிடையாது. ஐயோரெத் போன்ற கிழவிகள் அர்த்தம் தெரியாமல் முணுமுணுக்கும் பழைய பாட்டில் ஏதோ இருக்கிறது, அதையெல்லாம் நம்புவதென்றால் உங்கள் இஷ்டம்.

அந்தப் பாட்டில்தான் மருந்து இருந்தது. பண்டிதருக்கு மூன்று மொழியில் பெயர் தெரியும், கிழவிக்குப் பாட்டு தெரியும், நோயாளிக்கு மூச்சு நின்றுகொண்டிருக்கிறது. கடைசியில் ஒரு சிறுவன் ஊருக்குள் ஓடி எவர் வீட்டிலிருந்தோ ஆறு இலை கொண்டுவந்தான். வாடிய இலை. அது போதுமாயிருந்தது. படிப்பு குறைவாகவும் புத்தி அதிகமாகவும் உள்ள கிழவர் எவராவது வீட்டில் வைத்திருப்பார், போய்த் தேடு என்று கேண்டால்ஃப் பண்டிதரை விரட்டியதோடு சரி. வேலையைவிட்டு எடுத்ததாக எங்கும் இல்லை.

பக்கத்து நாடு ரோஹன். குதிரைக்காரர்கள். புத்தகம் எழுதாதவர்கள், பாட்டு நிறைய வைத்திருப்பவர்கள். கோண்டோர்க்காரர்களுக்கு இவர்கள் ஒரு படி கீழ். ஆனால் மினாஸ் திரித் பற்றி எரிந்தபோது விடிவதற்குள் வந்து நின்றது இந்த எழுத்தறியாக் கூட்டம்தான். நூலகம் வைத்திருந்தவர் உள்ளே தனக்கும் தன் மகனுக்கும் சிதை அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குள்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தை மதித்தவர்கள், ஆனால் எவன் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காகவே எழுதியவர்கள். எரெபோர் மலை வரைபடத்தில் நிலவெழுத்து என்று ஒன்று. எழுதிய நாளன்று நிலா எந்த வடிவத்தில் இருந்ததோ, எந்தப் பருவமோ, அதே நிலா அதே பருவத்தில் பின்னாலிருந்து ஒளி விட்டால்தான் தெரியும். நம் அரசிதழ் அறிவிக்கைகள் இந்த மையில்தான் அச்சாகின்றன என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். மலைக்குள் போகும் ரகசியக் கதவின் சாவித்துளையைக் கண்டுபிடிக்கும் வழியை அந்த எழுத்தில் எழுதிவைத்தான் தாத்தா. பேரன் அந்தத் தாளை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தான், அதில் அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாமல். எல்ஃப் தலைவர் எல்ரோண்ட் தற்செயலாகச் சரியான இரவில் தூக்கிப் பிடித்தார், தெரிந்தது. இன்னொன்றும் உண்டு. குள்ளர்கள் தங்கள் உண்மைப் பெயரை அயலாருக்குச் சொல்வதில்லை. செத்த பிறகு கல்லறையில்கூடப் பொறிப்பதில்லை. எழுத்து கற்ற இனம், தன் பெயரை எழுதக் கூடாது.

அந்த இனத்தில் ஒருவனை மட்டும் என்னால் கேலி செய்ய முடியவில்லை. ஓரி. குடியேறுவதற்காகத் தலைவன் பாலினோடு 2989-இல் பழைய குள்ளர் சுரங்கமான மோரியாவுக்குப் போனவன். நன்றாகவும் வேகமாகவும் எழுதுவான், அதுவும் எல்ஃப் எழுத்தில். ஐந்தே வருடத்தில் குடியேற்றம் அழிந்தது. வெளிவாசலை நீர் மறித்துவிட்டது, பாலம் போய்விட்டது, ஆழத்தில் முரசு கேட்கிறது. ஓரி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தான். வருகிறார்கள் என்று கடைசி வரி, கோடாக இழுபட்டு நின்றது. அந்த ஏடு வெட்டுப்பட்டு, தீப்பட்டு, ரத்தம் உறைந்து, 3019-இல் வேறு வேலையாக அந்த வழியே போன கேண்டால்ஃப் கையில் கிடைத்தது. இருபத்தைந்து ஆண்டாக மலையில் இருந்த சொந்தங்களுக்குச் செய்தி இல்லை. உயிரை விட்டுக்கொண்டே ஒருவன் அறிக்கை எழுதினான். வாங்கிக்கொள்ள ஆள் வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

சௌரானின் நாடான மோர்டோரில் இந்தப் பாசாங்கே கிடையாது. மோதிரத்தில் பொறிக்கும் அளவுக்கு நுட்பமான எழுத்து அங்கே இல்லை; சௌரான் எல்ஃப்களின் எழுத்தைத் திருடித்தான் தன் வாசகத்தைப் பொறித்தான். மொழி அவனுடையது, எழுத்து எதிரியுடையது. தன் பெயரை எழுதவோ சொல்லவோ அவன் அனுமதிப்பதில்லை. ஆனால் அவன் படையிலிருக்கும் ஆர்க்குகளுக்கு எண் உண்டு. உன் பெயரையும் நம்பரையும் மேலிடத்தில் கொடுத்துவிடுவேன் என்று ஒரு படைவீரன் ஒரு மோப்பக்காரனை மிரட்டுகிறான். பள்ளிக்கூடம் தராத அரசு அடையாள எண்ணை மட்டும் தவறாமல் தந்துவிடுகிறது. கைதி பிடிபட்டால் அவன் உடுப்பு, ஆயுதம், கடிதம், மோதிரம், சின்னஞ்சிறு பொருள்வரை முழு விவரம் தலைமையகத்துக்கு உடனே போக வேண்டும் என்று உத்தரவு. உத்தரவு அபாரம். நடந்தது? கைதியின் வெள்ளிச் சட்டை யாருக்கு என்ற சண்டையில் காவல்கோபுரத்துப் படை கிட்டத்தட்ட மொத்தமும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு செத்தது. கைதி நடந்து வெளியே போனான்.

ஆர்க்குகள் எழுதியே இராதவர்கள் என்று நினைக்காதீர்கள். நாற்சந்தியில் பழைய அரசரின் சிலை ஒன்று, தலை உடைந்து. அதன் முழங்காலிலும் பீடத்திலும் கிறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். புத்தகமும் பலகையும் கொடுக்காத கூட்டத்துக்குக் கிடைத்த ஒரே பலகை அது. நாகரிகக்காரர்கள் அதைக் கண்டு மூக்கைப் பொத்துகிறார்கள். அந்தப் பயல்கள் என்ன எழுதியிருந்தார்கள் என்று படித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதில் நம் உலகத்தின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். உலகில் இன்று எழுபது கோடிக்கு மேற்பட்ட பெரியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். இன்னொரு பக்கம், மெத்தப் படித்தவர்கள் காசு கொடுத்துக் கையில் தெங்வார் பச்சை குத்திக்கொள்கிறார்கள். எந்த வாசகம்? பலருக்கு அந்த மோதிர வாசகம். எல்லோரையும் கட்டி இருளில் அடைப்பேன் என்று அடிமை முறியை எழுதியவனின் வாசகம். எழுத்து அழகாக இருக்கிறதாம்.

ஷயர் நாட்டுக் குட்டை மனிதர்களான ஹாபிட்கள் நம்மவர்கள் மாதிரி. எல்லோருக்கும் எழுத்து தெரியாது, தெரிந்தவர்கள் ஓயாமல் எழுதுவார்கள். வம்சாவளி எழுதுவார்கள். உயிலுக்கு ஏழு சாட்சி, அதுவும் சிவப்பு மையில். மேயரின் முக்கிய வேலை விருந்துக்குத் தலைமை தாங்குவது; தபால் துறையும் அவரிடமே. பில்போ என்ற ஹாபிட் ஊர்சுற்றிவிட்டு வீடு திரும்பினால் வாசலில் ஏலம் நடக்கிறது. அவர் செத்துவிட்டதாகக் காகிதம் சொல்லிவிட்டது. ஆள் நேரில் நிற்கிறார், அதனால் என்ன? உயிரோடிருப்பதாக அவரைச் சட்டப்படி ஒப்புக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் இதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பார்கள்.

காகிதத்துக்கு இத்தனை மரியாதை கொடுக்கும் தேசத்துக்கு ஒரு காகிதம் உரிய நாளில் வந்து சேரவில்லை. ஜூலை முடிவதற்குள் ஊரை விட்டுக் கிளம்பு என்று மோதிரம் கைக்கு வந்திருந்த ஃப்ரோடோவுக்குக் கேண்டால்ஃப் எழுதிய கடிதம். பக்கத்து ஊரான பிரீயில் விடுதி நடத்தும் பட்டர்பரிடம் கொடுத்து, உடனே ஆள் மூலம் அனுப்பச் சொன்னார். அன்று ஆள் கிடைக்கவில்லை. மறுநாளும் இல்லை. பிறகு மறந்துபோயிற்று. முகவரி தெளிவாக எழுதிய கடிதம் செப்டம்பர் இறுதியில், ஃப்ரோடோ தப்பி ஓடிவந்து அதே விடுதியில் நுழைந்த பிறகுதான் கைக்கு வந்தது. சௌரான் அனுப்பிய கறுப்புக் குதிரைக்காரர்களில் ஒருவன் அதற்குள் அவன் வீட்டுப் பக்கம்வரை வந்துவிட்டான். பட்டர்பருக்கு என்ன தண்டனை? வறுத்தெடுப்பதாகச் சொல்லியிருந்த கேண்டால்ஃப், ஃப்ரோடோவும் கூட வந்த மூவரும் பத்திரமாகப் போய்விட்டார்கள் என்று கேட்ட சந்தோஷத்தில், அவர் பீருக்கு ஏழு வருடம் ருசி குறையாதிருக்க வாழ்த்திவிட்டுப் போனார். கடமை தவறியவருக்கு வாழ்த்து கிடைப்பதில் எந்த உலகமும் எந்த உலகத்துக்கும் இளைத்ததில்லை.

இதே ஹாபிட்கள் நால்வர் போர் முடிந்து வீடு திரும்புகிறார்கள். பாலத்தருகே புதிதாக ஒரு காவல் வீடு. பீர் இல்லை. சாப்பாடு இல்லை. சுவர் நிறைய விதிகள். ஊரெல்லாம் விதிகள். விளைச்சலை நியாயமாகப் பகிர்ந்தளிக்க என்று சொல்லி ஆட்கள் வந்து எண்ணி, அளந்து, வண்டியேற்றிக்கொண்டு போனார்கள். சேகரிப்பு நடந்தது, பகிர்வைப் பார்த்தவர் குறைவு. பிப்பின் விதித் தாளைக் கிழித்துப் போட்டான். மறுநாள் குற்றப்பட்டியல் வாசிக்கப்பட்டது: வாசலை உடைத்தது, விதிகளைக் கிழித்தது, காவலருக்குச் சாப்பாடு கொடுத்து வசப்படுத்தியது. லோத்தோ என்ற ஹாபிட் தொடங்கிய இந்த ஆட்சியின் உச்சியில் வந்து உட்கார்ந்தவர் யாரென்று பார்த்தால், நம் சாருமான். மூவாயிரம் ஆண்டுச் சுருளைப் படித்த மேதை. அத்தனை கல்வியும் கடைசியில் ஒரு கிராமத்துச் சுவரில் ‘கூடாது’ பட்டியலாக ஒட்டப்பட்டிருந்தது.

அந்த ஊரில் ஒரு தோட்டக்காரக் கிழவர் இருந்தார். பில்போ ஐயா என் மகன் சாமுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்திருக்கிறார், கெட்ட எண்ணத்தில் இல்லை, அதனால் கெடுதல் வராது என்று நம்புகிறேன் என்பார். கெடுதல் வராதாம்! தன் பிள்ளை எழுத்து கற்றதற்கு ஒரு தகப்பன் ஊரார் முன்னால் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது. முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் போதும் நமக்கு என்று அவரை நம்பவைத்தது யார்? அந்தப் பையன்தான் மோதிரத்தை அழிக்கப் போன எஜமான் ஃப்ரோடோவைத் தோளில் தூக்கிக்கொண்டு நெருப்பு மலை ஏறினான். ஏழு முறை மேயரானான். தங்கள் கதையைச் சிவப்புப் புத்தகம் ஒன்றில் ஃப்ரோடோ எழுதி மீதி வைத்த கடைசிப் பக்கங்களை நிரப்பும் பொறுப்பும், அந்தப் புத்தகமும் அவனுக்கு வந்தன. அவனுக்குப் பிறகு அதைக் காத்தது அவன் மகள் எலனோரின் வீடு.

அந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்று அரசராகிவிட்ட அரகோர்னின் விருப்பப்படி மினாஸ் திரித் போய்ச் சேர்ந்தது. சுருளைப் படிக்காத நகரம். இலை வைத்திருக்காத நகரம். நடந்ததை நடந்தவர்களே எழுதிய புத்தகத்தை அந்நகரத்துப் பண்டிதர்கள் மேசைமேல் விரித்து வைத்தார்கள். ஓரம் முழுக்கக் குறிப்பு எழுதினார்கள். எல்ஃப் மொழிப் பெயர்களிலும் சொற்களிலும் ஹாபிட்கள் விட்ட பிழைகளைத் தேடித் தேடித் திருத்தினார்கள். ஷயரில் இருந்த மூலம் பிறகு தொலைந்துபோயிற்று. திருத்திய பிரதிதான் நின்றது.